புதிய கோப்பு முறைமையின் பயன்பாட்டுத் தகுதி: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

1. முன்னுரை

கணினியில் எழுதிச் சேர்க்கப்படும் யாவும் கோப்பு என்னும் வடிவில் வட்டின்கண் தங்குகின்றன. ஒரு கோப்பின் பெயர் யாது, அளவு யாது, அதன் உள்ளடக்கம் வட்டின் எவ்வெப் பகுதிகளில் பரந்து கிடக்கின்றது என்பனவற்றைக் குறித்து வைத்துக் காக்கும் மென்பொருட் பகுதியே கோப்பு முறைமை எனப்படும். எழுதுதற்குரிய மென்பொருள் ஒன்று பழுதுபட்டால் வேறொன்றைக் கொண்டு அதே கோப்பைத் திறந்து படிக்கலாம். கோப்பு முறைமை பழுதுபட்டாலோ படிப்பதற்குக் கோப்பே இராது. ஆதலின் மென்பொருள் வகைகளுள் புதுமையை ஏற்பதில் மிகுந்த தயக்கம் காட்டப்பெறும் இடங்களுள் இதுவும் ஒன்றாயிற்று.

இன்று தமிழாராய்ச்சித் துறைகளும் நூலகங்களும் ஓலைச்சுவடிகளின் ஒளிப்படிவங்களையும் அகராதித் தரவுகளையும் கள ஆய்வில் எடுத்த ஒலிப்பதிவுகளையும் கணினி வட்டுகளில் சேர்த்து வைக்கின்றன. மூலச்சுவடி செல்லரித்துப் போனபின் அவ்வொளிப்படிவமே மூலமாகிவிடுவதும் உண்டு. எனவே, புதிய கோப்பு முறைமையொன்று பயன்பாட்டிற்குத் தக்கதா என்னும் வினா பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. மூலங்களைக் காக்கும் பொறுப்புடைய நமக்கும் உரியது.

இவ்வினாவிற்குப் பொதுவாக மூவகை விடைகள் கூறப்படுகின்றன. ஆண்டு பல கடந்தால் முறைமை தானே தகுதி பெற்றுவிடும் என்பர் ஒரு சாரார். ஆக்கியோர் 'சோதனை நிலை' என்னும் அடைமொழியை நீக்கிய நாளே அது தகுதி பெற்ற நாள் என்பர் மற்றொரு சாரார். பெரிய நிறுவனம் ஒன்று அதனைக் கையாள்கின்றதாயின் நாமும் கையாளலாம் என்பர் பிறர். இம்மூன்றும் தனித்து நின்று விடையாகா என்பதும், தகுதியென்பது முறைமையின்கண் மட்டும் தங்கிய பண்பன்று, முறைமைக்கும் அதனைக் கொள்வோர்க்கும் இடையே அமைந்த பொருத்தம் என்பதும் இக்கட்டுரைக்கண் வரலாற்றுச் சான்று கொண்டு நிறுவப்படும். லினக்ஸ் இயங்குதளத்திற்கென 2007-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற பிடிஆர்எஃப்எஸ் என்னும் முறைமையின் வரலாற்றைத் தலைமைச் சான்றாகவும், ஏனையவற்றின் வரலாற்றை ஒப்புநோக்கிற்கும் நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

2. முன்னை நிலை

கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிடின், கோப்பு முறைமையின் குறிப்புகளுள் சில எழுதப்பட்டும் சில எழுதப்படாமலும் நிற்கும். பழைய யூனிக்ஸ் முறைமைகளில் இக்குறையை நீக்க, கணினி மீண்டும் எழுந்தவுடன் வட்டு முழுவதையும் ஆராய்ந்து முரண்பாடுகளைக் களையும் பழுதுபார்க்கும் நிரல் ஒன்று இருந்தது. வட்டுகள் பெரியனவாக ஆக, இவ்வாராய்ச்சிக்கு ஆகும் நேரமும் வளர்ந்தது. இதற்கு மாற்றாக எழுந்ததே குறிப்பேட்டு முறை. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டு, பின்னர் உரிய இடத்தில் செய்வது இம்முறையின் இயல்பு. இடையில் மின்சாரம் நின்றாலும் குறிப்பேட்டை மட்டும் படித்து முறைமை தன்னைச் சீர்செய்துகொள்ளும்.

லினக்ஸில் எக்ஸ்ட் என்னும் முறைமை 1992-ஆம் ஆண்டிலும், அதன் வழிவந்த எக்ஸ்ட்2 அடுத்த ஆண்டிலும் தோன்றின. இவ்விரண்டிற்கும் குறிப்பேடு இல்லை. 2001-ஆம் ஆண்டில் குறிப்பேடுடைய முறைமைகள் இரண்டு லினக்ஸின் கருவாகிய கெர்னலில் சேர்க்கப்பெற்றன. ரெய்சர்எஃப்எஸ் அவ்வாண்டின் தொடக்கத்தில் 2.4.1 பதிப்பிலும், எக்ஸ்ட்3 ஆண்டிறுதியில் 2.4.15 பதிப்பிலும் இடம்பெற்றன. முன்னது முற்றிலும் புதிய அமைப்புடையது. சிறு கோப்புகளைக் கையாள்வதில் திறமிக்கது எனப் பாராட்டப்பெற்றது. பின்னதோ எக்ஸ்ட்2 முறைமையின் வட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு குறிப்பேட்டை மட்டும் சேர்த்தது.

இவ்விரண்டன் பிற்கால வரலாறு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. சூசே நிறுவனம் தன் லினக்ஸ் வழங்கலில் ரெய்சர்எஃப்எஸ் முறைமையையே முதல் தெரிவாகக் கொண்டிருந்து, 2006-ஆம் ஆண்டில் எக்ஸ்ட்3 முறைமைக்கு மாறுவதென முடிவு செய்தது. பேணுவோர் குறைந்த ரெய்சர்எஃப்எஸ், 2022-ஆம் ஆண்டில் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பெற்று, 2025-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 6.13 பதிப்பில் கெர்னலினின்றும் நீக்கப்பட்டது. எக்ஸ்ட்3 முறைமையின் வழித்தோன்றலாகிய எக்ஸ்ட்4 இன்றும் பரவலாக வழங்குகின்றது. ஒரே ஆண்டில் புகுந்த இரண்டனுள் மூத்தது மறைந்தது. இளையது தன் வழியில் நிலைபெற்றது. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அகவையும் ரெய்சர்எஃப்எஸ் முறைமையைக் காக்கவில்லை. அகவையே தகுதி என்னும் கொள்கைக்கு இஃதொன்றே போதிய மறுப்பாகும்.

3. எக்ஸ்ட்4: அடைமொழி நீங்கிய பின்னர்

இனி இரண்டாம் கொள்கையைக் காண்போம். எக்ஸ்ட்4 முறைமையை ஆக்கும் திட்டத்தைத் தியோடர் சோ 2006-ஆம் ஆண்டு சூன் திங்களில் அறிவித்தார். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த 2.6.19 பதிப்பில், ஆக்க நிலையிலுள்ளது என்பதைக் காட்டும் பின்னொட்டுடைய பெயரோடு அது சேர்க்கப்பெற்றது. 2008-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள் வெளியான 2.6.28 பதிப்பில் அப்பின்னொட்டு நீக்கப்பட்டது. அதாவது, ஆக்கியோர் அதனைப் பொதுப் பயன்பாட்டிற்குரியது என ஏற்றனர்.

அடுத்த சில திங்களிலேயே அதனைக் கையாளத் தொடங்கியோரிடமிருந்து முறையீடுகள் எழுந்தன. கணினி நிலைகுலைந்து மீண்டும் எழுந்தபோது, சற்று முன்னர் எழுதப்பட்ட கோப்புகள் பெயரளவில் இருந்தும் உள்ளே ஒன்றுமின்றி வெறுமையாய்க் கிடந்தன. இதன் காரணம் ஆராயத்தக்கது. எக்ஸ்ட்3 முறைமை ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை தரவை வட்டில் சேர்த்துவிடும். எக்ஸ்ட்4 முறைமையோ, இடத்தைச் செம்மையாகப் பகுத்தளித்தற்பொருட்டு, எழுதுவதை அரை நிமிடமும் அதற்கு மேலும் தள்ளிவைத்தது. எழுதியது வட்டில் சேர்ந்ததா என்பதைப் பயன்பாட்டு மென்பொருள் வெளிப்படையாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதே யூனிக்ஸ் நெறி. ஆயினும், எக்ஸ்ட்3 முறைமையின் விரைந்த வழக்கத்தில் பழகிய பல மென்பொருள்கள் அவ்வாறு கேட்பதை விட்டொழித்திருந்தன.

இங்குக் குற்றம் யாருடையது? நெறியை நோக்கின் எக்ஸ்ட்4 தவறு செய்யவில்லை. வழக்கை நோக்கின் அது பயனாளரின் கோப்புகளை இழக்கச் செய்தது. இலக்கணம் ஒன்றை விதிக்க, வழக்கு வேறொன்றாக நிலைத்துவிட்டபோது வழக்கையும் தழுவிக்கொள்ள வேண்டும் என்பது நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கறிந்தது. தியோடர் சோ நெறியை எடுத்துக்காட்டி விளக்கியதோடு அமையாது, பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கும் செயல்களின்போது தரவை உடனே எழுதிவிடுமாறு முறைமையைத் திருத்தினார். இத்திருத்தங்கள் 2009-ஆம் ஆண்டில் 2.6.30 பதிப்பில் இடம்பெற்றன. அவ்வாண்டிலேயே ஃபெடோரா 11, உபுண்டு 9.10 ஆகிய வழங்கல்கள் எக்ஸ்ட்4 முறைமையை முதல் தெரிவாக ஏற்றன.

இதனின்று போதருவது ஒன்றுண்டு. ஆக்கியோர் அறிந்து கூறக்கூடியது முறைமை தான் வகுத்த நெறிப்படி இயங்குகின்றதா என்பது மட்டுமே. அதன்மேல் இயங்கும் நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் சொல்லாமலே எதிர்பார்த்து நிற்பன யாவை என்பதை அவர்களாலும் முன்னரே அறிதல் அரிது. ஆதலின் அடைமொழி நீங்குதல் தகுதியின் முடிவன்று. பொதுமக்கள் கையில் நிகழும் புதிய சோதனையின் தொடக்கமாகும்.

4. பெயர்த்தெழுதும் முறைமைகள்

குறிப்பேட்டு முறை, முரண்பாட்டைத் தடுத்ததேயன்றி, வட்டிலுள்ள தரவு ஓசையின்றிக் கெடுவதைக் கண்டறியவில்லை. இக்குறையை நீக்க எழுந்தவற்றுள் தலையாயது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ். செஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் ஆகியோர் 2001-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் சோலாரிஸ் இயங்குதளத்தின் மூலநிரலில் சேர்ந்து, 2006-ஆம் ஆண்டு சூனில் சோலாரிஸ் 10 பதிப்பின் வழியே பயனாளரை அடைந்தது.

இதன் அடிப்படைக் கருத்தைச் சுவடி எழுதுவோர் வழக்கைக் கொண்டு விளக்கலாம். பழைய ஏட்டின் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேலேயே திருத்தம் எழுதுதல் ஒரு முறை. புதிய ஏட்டில் முழுதும் எழுதி முடித்துக் கட்டில் சேர்த்த பின்னரே பழைய ஏட்டை விலக்குதல் மற்றொரு முறை. முன்னதில் எழுத்தாணி இடையே நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பின்னதில் எப்பொழுது நின்றாலும் இரண்டனுள் ஒன்று முழுமையாக இருக்கும். இசட்எஃப்எஸ் பின்னதைக் கைக்கொண்டது. அன்றியும், ஒவ்வொரு தரவுத் துண்டிற்கும் அதன் உள்ளடக்கத்தினின்று கணித்த சரிபார்ப்பெண் ஒன்றைத் தனியிடத்தில் குறித்து வைத்து, படிக்குந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தது. எழுதப்பட்டதும் படிக்கப்பட்டதும் ஒன்றல்லவாயின் அது தெரிந்துவிடும்.

இத்தகைய சிறப்புடைய முறைமை லினக்ஸின் கெர்னலில் சேராமைக்குக் காரணம் தொழில்நுட்பக் குறையன்று. அதன் உரிம விதிகளும் கெர்னலின் உரிம விதிகளும் ஒன்றோடொன்று பொருந்தா என்னும் கருத்தே தடையாயிற்று. எனவே அது கெர்னலுக்குப் புறத்தே தனித்து வளர்ந்தது. லினக்ஸிற்குரிய அதன் வடிவம் 2013-ஆம் ஆண்டில் பரந்த பயன்பாட்டிற்குரியதென அறிவிக்கப்பெற்றது. தகுதியை முடிவு செய்வதில் சட்டமும் ஒரு கூறு என்பதற்கு இது சான்று.

5. பிடிஆர்எஃப்எஸ்: பதின்மூன்றாண்டு வினா

லினக்ஸிற்கே உரிய பெயர்த்தெழுதும் முறைமை ஒன்று வேண்டும் என்னும் எண்ணத்தினின்று எழுந்ததே பிடிஆர்எஃப்எஸ். ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த ஓகாத் ரோதே, பி-மரம் எனப்படும் தரவமைப்பைப் பெயர்த்தெழுதும் முறைக்கு ஏற்ப அமைக்கும் வழியை 2007-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு ஆரக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ் மேசன் அவ்வாண்டிலேயே இம்முறைமையை அறிவித்தார். 2009-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 2.6.29 பதிப்பில், சோதனை நிலையிலுள்ளது என்னும் எச்சரிக்கையோடு அது கெர்னலில் புகுந்தது. சரிபார்ப்பெண், தரவுச் சுருக்கம், ஒரு கணத்திலிருந்த நிலையை அப்படியே நிறுத்தி வைக்கும் கணநிலைப்படி ஆகியன இதன் சிறப்புகள்.

ஃபெடோரா வழங்கலின் 16-ஆம் பதிப்பில் இதனை முதல் தெரிவாக்கக் கருதினர். அது 2011-ஆம் ஆண்டு. ஆயினும் கெட்டுப்போன முறைமையைச் செப்பனிடும் பழுதுபார்க்கும் நிரல் அப்பொழுது போதிய நிலையில் இல்லை. ஆதலின் அம்முயற்சி கைவிடப்பட்டது. எழுதுவதும் படிப்பதும் செவ்வனே நிகழும் ஒரு முறைமை, கெட்டால் மீளும் வழி இல்லை என்னும் ஒரே காரணத்தால் விலக்கப்பட்டமை இங்குக் கருதற்பாலது.

2012-ஆம் ஆண்டில் ஆரக்கிள் நிறுவனமும் சூசே நிறுவனமும் தத்தம் நிறுவன வழங்கல்களில் இதற்குப் பொறுப்பேற்பதாக அறிவித்தன. வட்டமைப்பு இனி நிலையானது என்னும் அறிவிப்பு 2013-ஆம் ஆண்டில் கெர்னலின்கண் இடம்பெற்றது. இதன் பின்னர், ஒரே முறைமையை, ஒரே காலத்தில், ஒரே சான்றுகளைக் கொண்டு நோக்கிய இரு பெரு நிறுவனங்கள் இருவேறு முடிவுகளுக்கு வந்தன.

சூசே நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் 12-ஆம் நிறுவனப் பதிப்பில் இயங்குதளம் தங்கும் பகுதிக்குப் பிடிஆர்எஃப்எஸ் முறைமையை முதல் தெரிவாக்கியது. ஆனால் பயனாளரின் சொந்தக் கோப்புகள் தங்கும் பகுதிக்கு, முதிர்ந்ததாகிய எக்ஸ்எஃப்எஸ் முறைமையையே வைத்தது. இப்பாகுபாடு கருத்துடையது. இயங்குதளத்தைப் புதுப்பிக்குங்கால் பிழை நேர்ந்தால் கணநிலைப்படியின் துணையால் முன்னை நிலைக்குத் திரும்பலாம். அப்பகுதியே அழிந்தாலும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பயனாளர் எழுதிய கோப்போ மீண்டும் நிறுவத்தக்கதன்று.

ரெட் ஹேட் நிறுவனம் தன் 6, 7-ஆம் பதிப்புகளில் பிடிஆர்எஃப்எஸ் முறைமையை முன்னோட்டமாக மட்டும் வழங்கி வந்தது. 2017-ஆம் ஆண்டில், அதனை முழுப் பொறுப்பிற்குரியதாக உயர்த்தும் எண்ணம் இல்லை என அறிவித்தது. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த 8-ஆம் பதிப்பில் அறவே நீக்கியது. எக்ஸ்எஃப்எஸ் முறைமையை நன்கு கற்ற பொறியாளர்கள் அந்நிறுவனத்தில் இருந்தனர். பிடிஆர்எஃப்எஸ் முறைமையை வளர்த்தவருள் ஒருவராகிய ஜோசஃப் பாசிக் 2012-ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனத்தை விட்டு நீங்கியிருந்தார். பத்தாண்டுக்குப் பழுதுநீக்கித் தருவதாக வாடிக்கையாளர்க்கு உறுதி கூறும் நிறுவனம், பழுதுநீக்க வல்லாரைத் தன்னிடத்தே கொள்ளாத முறைமையை ஏற்றல் அரிது. சூசே நிறுவனத்திடத்தோ அத்தகையோர் இருந்தனர். எனவே, இருவர் முடிவும் ஒன்றுக்கொன்று முரணாயினும் இரண்டும் தத்தம் நிலைக்கு ஏற்புடையனவே.

ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் நிகழும் ஃபெடோராத் திட்டம், 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட 33-ஆம் பதிப்பில் மேசைக்கணினி வகைகளுக்குப் பிடிஆர்எஃப்எஸ் முறைமையை முதல் தெரிவாக்கியது. 2011-ஆம் ஆண்டில் எழுப்பிய அதே வினாவிற்கு ஒன்பதாண்டு கழித்து மாறான விடை கிடைத்தது. அம்மாற்றத்திலும் வரையறை இருந்தது. ஃபெடோராவின் வழங்கிக் கணினிக்குரிய வகை எக்ஸ்எஃப்எஸ் முறைமையிலேயே நின்றது. ஒரே திட்டம், ஒரே பதிப்பில், ஒரு வகைக்குத் தகுதியுடையது என்றும் மற்றொரு வகைக்கு மாற்ற வேண்டா என்றும் முடிவு செய்தமை நம் கொள்கைக்கு வலிய சான்றாகும்.

6. கூறுகளின் தகுதி

முறைமையை ஒரே பொருளாகக் கொண்டு தகுதி ஆராய்தலும் பிழைபடும். பிடிஆர்எஃப்எஸ் முறைமையின் ரெய்டு 5, ரெய்டு 6 என்னும் கூறுகள் இதனைக் காட்டும். பல வட்டுகளில் தரவைப் பகிர்ந்து எழுதி, அவற்றினின்று கணித்த ஈடுசெய் தரவையும் உடன் எழுதி, ஒரு வட்டு கெட்டாலும் எஞ்சியவற்றைக் கொண்டு இழந்ததை மீட்பது இவ்வமைப்பின் நோக்கம். இக்கூறுகள் 2013-ஆம் ஆண்டில் கெர்னலின் 3.9 பதிப்பில் சேர்க்கப்பெற்றன. 2016-ஆம் ஆண்டில், தரவைச் சரிபார்த்துச் செப்பனிடும் செயலே ஈடுசெய் தரவைப் பிழைபட எழுதிவிடக்கூடும் என்னும் வழு கண்டறியப்பட்டது. அன்றியும், தரவை எழுதியதற்கும் ஈடுசெய் தரவை எழுதுவதற்கும் இடையே மின்சாரம் நின்றால் இரண்டும் பொருந்தாமற் போகும் குறையும் அவற்றில் இருந்தது. சேர்க்கப்பெற்றுப் பத்தாண்டு கடந்த பின்னரும் இவற்றைப் பணிக்குரிய கணினிகளில் கொள்ளற்க என்றே அம்முறைமையின் ஆவணங்கள் எச்சரித்தன.

ஒரே பெயரின் கீழ் ஒரு வட்டில் இயங்கும் கூறு பல வழங்கல்களில் முதல் தெரிவாக நிற்க, மற்றொரு கூறு விலக்கப்பட்டு நின்றது. சைனாலஜி நிறுவனத்தின் சேமிப்புக் கருவிகள் இதனை உணர்ந்து அமைக்கப்பெற்றன. அவை பல வட்டுகளை இணைக்கும் பணியை லினக்ஸின் பழைய ரெய்டு அடுக்கினிடம் விடுத்து, அதன்மேல் பிடிஆர்எஃப்எஸ் முறைமையை நிறுத்தின. புதியதில் தேர்ந்ததைக் கொண்டு, தேராததற்குப் பழையதையே வைத்துக்கொள்ளும் முறை இது.

7. பெருநிறுவனச் சான்று

ஃபேஸ்புக் நிறுவனம் பிடிஆர்எஃப்எஸ் முறைமையைப் பேரளவில் கையாண்டது. கிறிஸ் மேசனும் ஜோசஃப் பாசிக்கும் 2013-ஆம் ஆண்டில் அங்குச் சென்றனர். இதனைக் காட்டித் தகுதி நிறுவுவார் உளர். சான்று பொய்யன்று, ஆயின் அதன் எல்லையை அறிதல் வேண்டும். அத்தகைய நிறுவனத்தில் ஒரு கணினியின் முறைமை கெட்டால் அதனைச் செப்பனிட வேண்டுவதில்லை. அதனை அழித்துப் புதிதாக நிறுவி, வேறிடத்துள்ள படிகளினின்று தரவைப் பெற்றுக்கொள்வர். முறைமையை ஆக்கியோரே அருகிலிருந்து வழுவைக் களைவர். ஒரே கணினியும் ஒரே வட்டும் உடைய ஆராய்ச்சியாளர்க்கு இவ்விரண்டும் இல்லை. இந்நிலையில் அந்நிறுவனத்தின் துணிவை மட்டும் கடன் கொள்ளுதல் பொருந்தாது.

ஆப்பிள் நிறுவனம் வேறொரு வழியைக் காட்டியது. 2016-ஆம் ஆண்டு சூனில் அறிவித்த ஏபிஎஃப்எஸ் முறைமையை அது 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் ஐஓஎஸ் 10.3 பதிப்பின் வழியே கைப்பேசிகளில் புகுத்தியது. அதற்கு முந்தைய புதுப்பிப்புகளின்போதே, பயனாளர் அறியாவண்ணம் மாற்றத்தைச் செய்து பார்த்து, விளைவைச் சோதித்து, மீண்டும் பழைய நிலைக்கே கொணர்ந்து விட்டதை அந்நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகி 2017-ஆம் ஆண்டில் தெரிவித்தார். மேசைக்கணினிகளில் அவ்வாண்டு வெளிவந்த பதிப்பு திண்மநிலை வட்டுகளை மட்டும் மாற்றியது. சுழலும் வட்டும் திண்மநிலை வட்டும் கலந்தவற்றை அடுத்த ஆண்டு வரை விட்டுவைத்தது. புதியதைப் புகுத்துமுன் திரும்பும் வழியை உறுதி செய்துகொண்டமையே இதன் சிறப்பு.

8. ஆய்வாளர் கண்டவை

இதுகாறும் கூறியன நிறுவனங்களின் முடிவுகள். நேரிய ஆய்வுகளும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆறு லினக்ஸ் கோப்பு முறைமைகளில் ஏறத்தாழ எட்டாண்டுகளில் செய்யப்பெற்ற 5,079 திருத்தங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அவற்றுள் 40 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவானவை வழுவை நீக்கியவை. முதிர்ந்த முறைமைகளிலும் வழுக்கள் காலப்போக்கில் அருகி மறைவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. புதிய கூறுகள் சேருந்தோறும் புதிய வழுக்களும் உடன்வருகின்றன.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சார்ந்த ஜெயஸ்ரீ மோகன், விஜய் சிதம்பரம் முதலியோர் 2018-ஆம் ஆண்டில், மின்தடை நேரும் நிலைகளை முறையாகத் தோற்றுவித்துச் சோதிக்கும் கருவியொன்றை அமைத்தனர். பரவலாக வழங்கும் முதிர்ந்த முறைமைகளில் அதுவரை அறியப்படாத 10 வழுக்களை அது வெளிப்படுத்தியது. அவற்றுள் 7 வழுக்கள் 2014-ஆம் ஆண்டு முதலே கெர்னலில் இருந்தவை. கணித வழியால் பிழையற்றதென நிறுவப்பெற்ற முறைமை ஒன்றிலும் வழு காணப்பட்டது. பயன்பாடு அமைதியாக நிகழ்வது வழுவின்மைக்குச் சான்றாகாது என்பது இதனால் விளங்கும்.

இதற்குப் பிற்கால நிகழ்ச்சிகளும் உள. 2023-ஆம் ஆண்டு நவம்பரில், இசட்எஃப்எஸ் முறைமையின் திறந்த வடிவத்தில், கோப்புகளைப் படியெடுக்கும்போது சில பகுதிகள் வெறுமையாகிவிடும் வழு வெளிப்பட்டது. அதற்கு முந்தைய திங்களில் சேர்க்கப்பெற்ற புதிய கூறே காரணம் என முதலில் கருதி அதனை நிறுத்தி வைத்தனர். ஆழ்ந்து நோக்கியபோது, புதிய கூறு வழுவை எளிதில் தோன்றச் செய்ததேயன்றி, வழு அதனினும் பழையது என்பது புலனாயிற்று. சரிபார்ப்பெண்ணும் இதனைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெறுமையைப் படித்து வெறுமையையே எழுதியதால் எண் பொருந்தியே நின்றது. அடுத்த திங்களில், முதிர்ந்ததாகிய எக்ஸ்ட்4 முறைமையிலும் தரவைக் கெடுக்கும் வழு கெர்னலின் 6.1.64 பதிப்பின் வழியே புகுந்தமை வெளிப்பட்டது. டெபியன் வழங்கல் தன் 12.3 வெளியீட்டை நிறுத்தி, திருத்திய 12.4 பதிப்பை வெளியிட்டது. புதியதில் அச்சமும் பழையதில் அச்சமின்மையும் கொள்வது அறிவுடைமையன்று.

ஆயின் புதியதும் பழையதும் ஒன்றே என்பது நம் கருத்தன்று. எக்ஸ்ட்4 முறைமையில் தோன்றிய வழு சில நாளிற் கண்டறியப்பட்டுத் திருத்தப்பெற்றது. மிகப் பலர் கையாள்வதும், பேணுவோர் பலராதலும் இவ்விரைவிற்குக் காரணம். முதிர்ச்சியின் பயன் வழுவின்மை அன்று. வழு விரைந்து வெளிப்படுதலும் விரைந்து நீங்குதலுமே ஆகும்.

9. பேணுவோர்

பேணுவோரின்றி நல்ல முறைமையும் நில்லாது என்பதற்கு அண்மைச் சான்று பிகேஷ்எஃப்எஸ். கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் 2015-ஆம் ஆண்டில் அறிவித்த இம்முறைமை, நெடுங்காலம் புறத்தே வளர்ந்து, 2024-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 6.7 பதிப்பில் கெர்னலில் இடம்பெற்றது. வெளியீட்டிற்கு முந்தைய திருத்தக் காலத்தில் எவ்வகை மாற்றங்களை ஏற்கலாம் என்பது பற்றிக் கெர்னலின் தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. 2025-ஆம் ஆண்டில் 6.17 பதிப்பு அதனைப் புறத்தே பேணப்படுவது எனக் குறித்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 6.18 பதிப்பு அதன் நிரலை நீக்கியது. நிரலின் தரம் பற்றிய சோதனை எதுவும் இந்நீக்கத்தை முன்னறிவித்திருக்க இயலாது. அதன்பின் அம்முறைமையைக் கொள்வோர், கெர்னல் புதுப்பிக்கப்படுந்தோறும் தனி நிரற்பகுதியைச் சேர்த்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் உண்மைகளைத் தொகுத்துக் கூறுவோம். புதிய முறைமையை நோக்கி 'நீ தகுதியுடையையோ' என வினவுதல் பயனில் வினாவாகும். அதற்கு மாறாக ஐந்து வினாக்கள் எழுப்பத்தக்கன. முதலாவது, நாம் கொள்ளப்போகும் கூறு எது, அக்கூறு பலரால் கையாளப்பெற்றதா என்பது. இரண்டாவது, தரவு கெட்டால் அது நமக்குத் தெரியவருமா என்பது. மூன்றாவது, கெட்டதை மீட்கும் வழி யாது என்பது. நான்காவது, அதனைப் பேணுவோர் எத்துணையர், அவர் நீங்கின் யாது ஆகும் என்பது. ஐந்தாவது, அதனை விட்டு மீள நேரின் நம் தரவைப் பிறிதோரிடம் கொண்டு செல்லல் எளிதா என்பது. ஃபெடோராத் திட்டம் 2011-ஆம் ஆண்டில் மறுத்தது மூன்றாம் வினாவால். ரெட் ஹேட் விலக்கியது நான்காம் வினா தன்னிடத்து நிறைவுறாமையால். சூசே இயங்குதளத்திற்கு மட்டும் ஏற்றது முதல் வினாவை நுணுகி நோக்கியதால்.

சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இறுதியாக ஒன்று கூறற்குரியது. ஒரே மூலத்தினின்று பெயர்த்தெழுதிய சுவடிகள் எத்துணை இருப்பினும் மூலத்தின் பிழை அனைத்திலும் இருக்கும். வேறு வழிவந்த சுவடி ஒன்று கிடைத்தால்தான் பிழை வெளிப்படும். கோப்புகளின் காப்பும் அத்தகையதே. ஒரே கருவியில், ஒரே முறைமையின்கீழ் இரட்டித்து வைத்த வட்டுகள் ஒரு வழிச் சுவடிகளை ஒக்கும். முறைமையின் வழு இரண்டிலும் ஒருங்கே படியும். ஒரு படியைச் சரிபார்ப்பெண் உடைய புதிய முறைமையிலும், மற்றொரு படியை வேறிடத்தே பழைய முறைமையிலும் வைத்து, இரண்டையும் காலந்தோறும் ஒப்புநோக்குவதே மூலத்தைக் காப்போர்க்கு ஏற்ற நெறி. அந்நெறி கைக்கொள்ளப்பட்ட இடத்தில் புதிய முறைமையை ஏற்பதால் நேரும் இழப்பு மீட்கத்தக்க அளவினதாகும். அது கைக்கொள்ளப்படாத இடத்தில், மிகப் பழைய முறைமையும் பயன்பாட்டிற்குத் தக்கதாகாது.